தோட்டம் மறைந்த பின் வரும் முதுமை

தமிழருடைய பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு பெயர் உண்டு. பிரபவ தொடங்கி அட்சய ஈறாக உள்ள அறுபது பெயர்களும் ஒரு சுற்று முடிந்தவுடன் மறுபடியும் முதலிலிருந்து வருகின்றன. ஆதலால், ஒருவர் அறுபது வயதைப் பூர்த்தி செய்யும்போது அவர் பிறந்த வருஷமே அவரைத் தேடி மீண்டும் வந்துவிடுகிறது. மலாயா சுதந்திரம் பெற்ற 1957ஆம் ஆண்டில், ஹேவிளம்பி வருஷத்தில், ஜொகூரின் ஏதோ ஒரு பால்மரத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பிறந்த குழந்தையை எண்ணிப் பார்ப்போம். அக்காலத்துக் கணக்கின்படி மலாயாவில் பிறந்த ஆண் குழந்தையின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 56 ஆண்டுகள். பெண் குழந்தைக்கு 58. அறுபது ஆண்டு கழித்து ஹேவிளம்பி திரும்பி வருவதைக் காண்பது, அன்றைய அளவையில், எல்லோருக்கும் வாய்க்கும் என்று எதிர்பார்க்கத்தக்க பாக்கியமாக இருக்கவில்லை. இன்று மலேசியாவில் ஆண்களின் சராசரி ஆயுள் 73ஐ ஒட்டியும், பெண்களின் ஆயுள் 78ஐ ஒட்டியும் நிற்கிறது. 2017இல் ஹேவிளம்பி வந்தது, சென்றது. அதைக் கண்டவர்களில் பெரும்பாலோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மருத்துவமும் சுகாதாரமும் சேர்ந்து ஈட்டித் தந்த இந்த மிகுதிக் காலத்தை என்ன செய்வது என்பதை அவர்களுக்கு எவரும் கற்றுத் தரவில்லை.

மூப்பை மனத்தால் ஏற்பது எப்படி, எஞ்சியது சிறிது காலமே என்று அறிந்தபின் அச்சிறிது காலத்தை எவ்வாறு வாழ்வது என்னும் வினா மனித குலத்துக்குப் பொதுவானது. ஆயினும், எந்த மண்ணில், எத்தகைய ஜீவிதத்தின் பிற்பகுதியில் அவ்வினா எழுகிறது என்பதைப் பொறுத்து அதன் சுமை வேறுபடுகிறது. ஜொகூர்த் தோட்டங்களில் உழைத்து, இன்று மாசாயிலும் கூலாயிலும் உலு திராமிலும் குளுவாங்கிலும் சிகாமட்டிலும் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளிலும் அடுக்குமாடிகளிலும் பிள்ளைகளோடு சேர்ந்தோ தனித்தோ வாழ்ந்துவரும் தமிழ் முதியோரைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறேன். அவர்களுடைய துயரத்தில் மரண பயம் ஒரு சிறு பங்கே. தாங்கள் வாழ்ந்தமைக்குச் சாட்சியாக நின்றிருக்க வேண்டிய இடமும் மனிதரும் தமக்கு முன்பாகவே மறைந்துவிட்டமைதான் அதன் பெரும்பங்கு என்பது என் துணிபு.

தோட்டத்தில் வேலையும் வீடும் கோயிலும் பள்ளியும் இடுகாடும் ஒரே எல்லைக்குள் அடங்கியிருந்தன. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, குளிர்ச்சி நீங்குமுன் மரம் சீவி, வெயில் ஏறியபின் மங்குகளிலிருந்து பாலைச் சேர்த்து நிறுவைக்குக் கொண்டுசெல்லும் வாழ்வில், கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில் வளர்ந்தது. சற்றுப் பெரியது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தது. காய்ச்சல் வந்தால் டிரஸ்ஸர் மருந்து கொடுத்தார். சாவு நேர்ந்தால் லயம் முழுவதும் வேலையை விட்டு வந்து நின்றது. அது சுகமான வாழ்வென்று சொல்வது பெரும் பிழையாகும். கங்காணியின் ஏச்சும், கிராணியின் கணக்கும், துரையின் அதிகாரமும், கள்ளுக்கடையின் நாசமும் அங்கே இருந்தன. எனினும், ஒருவருடைய வாழ்வு பிறர் அறியாமல் கழிந்துபோவதற்கு அங்கே வழியே இல்லை. ஒருவர் பிறந்ததை ஒருவரும், மணந்ததை ஒருவரும், கடன்பட்டதை ஒருவரும், கண்கலங்கியதை ஒருவரும் அறிந்திருந்தார்கள். நான்காம் லயத்துக் கிழவியின் இளமைக்காலத்துப் பிடிவாதங்கள் இரண்டாம் லயத்துக் கிழவிக்கு மனப்பாடமாக இருந்தன.

ஜொகூர்த் தோட்டங்களின் சரித்திரம் இம்மக்களைத் திரும்பத் திரும்ப உலுக்கிய சரித்திரம். 1942 ஜனவரி 31ஆம் நாள் பிரிட்டிஷ் படை சிங்கப்பூருக்குப் பின்வாங்கி ஜொகூர் நீரிணைப் பாலத்தைத் தகர்த்ததிலிருந்து, சயாம் ரயில் பாதைக்கென ஜப்பானியர் ஆள் பிடித்த கொடுமையையும், 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் முள்வேலிக்குள் லயங்களை ஒன்றாக்கி அடைத்த நெருக்கடியையும், ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற துண்டாடலையும், 1969க்குப் பின் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தோர் வேலை அனுமதிச் சீட்டுக்காக அலைந்து, கிடைக்காமல் பல்லாயிரவராய்த் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறிய பிரிவையும் ஒரே ஆயுளுக்குள் கண்டவர்கள் உண்டு. துண்டாடலின்போது தொழிலாளரிடம் பங்குத்தொகை சேர்த்துத் தோட்டங்களை வாங்கிக் காப்பதற்கென்று வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் சில தோட்டங்களைத் தொழிலாளருக்கே உரியதாக்கியது. எல்லாவற்றையும் அதனால் காக்க முடியவில்லை.

இவற்றுக்குப் பிறகு வந்த மாற்றம் ஓசையின்றி வந்தது. பால்மரம் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் தந்தபின் வெட்டப்பட்டு, அந்நிலத்தில் மறுநடவு நடைபெறும். ஒரே தோட்டத்தில் பிறந்து முதிர்ந்தவர் இருமுறை மறுநடவைப் பார்த்திருப்பார். முதல்முறை பால்மரக் கன்று, இரண்டாம் முறை செம்பனை. செம்பனைக்கு ஆள் குறைவாகவே தேவைப்பட்டது. பிறகு அந்தக் குறைந்த ஆட்களும் அந்நிய நாடுகளிலிருந்து வந்தார்கள். மூன்றாம் முறை நடப்பட்டவை வீடுகள். ஜொகூர் பாருவைச் சூழ்ந்த நிலம், 2006இல் இஸ்கந்தார் வளர்ச்சி வட்டாரம் அறிவிக்கப்பட்டபின், தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் உருமாறிய வேகம் அனைவரும் அறிந்ததே. மவுண்ட் ஆஸ்டின் என்ற பால்மரத் தோட்டம் இன்று கடைவீதிகளும் உணவகங்களும் நிறைந்த நகர்ப்பகுதியின் பெயராகிவிட்டது. ஸ்கூடாய்ப் பகுதியில் லாடாங் ரினி என்னும் பெயரைத் தமிழ்ப்பள்ளி இன்னும் தாங்கி நிற்கிறது. பள்ளியைச் சுற்றிலும் இருப்பது முத்தியாரா ரினி என்னும் வீடமைப்புப் பகுதி. பெயர் தங்கி, ஊர் போய்விட்டது.

கிறிஸ்துவுக்கு முன் 44ஆம் ஆண்டில், தமது 62ஆம் வயதில், ரோமானியச் சொற்பெருக்காளர் சிசரோ முதுமையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 84 வயதான ரோமானிய அரசியலாளர் கேட்டோவின் வாயில் அவர் தம் கருத்துகளை வைத்துப் பேசுகிறார். முதுமைக்குரிய ஆறுதல்களில் வேளாண்மைக்கு அந்நூலில் அவர் கொடுக்கும் இடம் மிகப் பெரிது. தான் நட்ட மரத்தின் பயனைத் தன் பின்னோர் துய்ப்பர் என்னும் எண்ணமே கிழவனுக்குப் போதுமான நிறைவு என்பது அவர் வாதத்தின் சாரம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மேனாட்டார் முதியோருக்குச் சொல்லிவரும் தேறுதலின் ஊற்று இதுவே. ஆனால், கேட்டோ நின்ற நிலம் கேட்டோவுக்குச் சொந்தமானது; அதில் உழைத்த அடிமைகளின் முதுமையைப் பற்றி அந்நூல் அக்கறை கொள்ளவில்லை. ஜொகூர்த் தமிழர் நட்ட மரங்கள் கோடிக்கணக்கில் இருக்கலாம். அவற்றில் ஒன்றைக் காட்டி, ‘இது என் பேரனுக்கு’ என்று சொல்லும் உரிமை அவர்களில் பெரும்பாலோருக்கு இருந்ததில்லை. வீடு கூட வேலை உள்ளவரைதான். உடைமையாளனுக்கென்று உருவான ஆறுதலை உடைமையற்றவன் கையில் கொடுத்து, ‘இதைக் கொண்டு தேறிக்கொள்’ என்பது நியாயமாகாது.

நம்முடைய மரபு கூறும் மற்றோர் ஆறுதலும் இதே குறையை உடையது என்று நான் சொன்னால் சிலர் வருந்தக்கூடும். திருக்குறள் நிலையாமைக்கு ஓர் அதிகாரத்தை ஒதுக்கியது; நாலடியார் செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என மூன்றாகப் பகுத்துப் பேசியது; சித்தர் பாடல்கள் இன்னும் உக்கிரமாகப் பேசின. இவற்றின் ஞானத்தைக் குறைத்துரைக்க எனக்குத் தகுதி இல்லை. ஆயினும், பற்றறுத்தல் என்பது பற்றுவதற்குப் பொருள் உள்ளவனிடம் கூறப்பட்ட உபதேசம். மாளிகையையும் மஞ்சத்தையும் துறந்து செல்வதில் ஒரு பெருமிதம் உண்டு. பிறருக்குரிய லயத்தில் வாழ்ந்து, அறுபதாம் வயதை நெருங்கும்போது அதையும் காலிசெய்து கொடுத்தவளிடம், ‘எல்லாம் மாயை, சாமியை நினைத்துக்கொண்டு இரு’ என்று சொல்வது எளிது. கேட்டுக்கொண்டு அவள் மௌனமாக இருந்தால், அந்த மௌனத்தைப் பக்குவம் என்று பொருள்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். பேசிப் பயனில்லை என்று அவள் முடிவுசெய்துவிட்டாள் என்பதே பல வேளைகளில் உண்மை.

தமிழ் மரபில் இதனினும் தொன்மையான வேறொரு குரலும் இருக்கிறது. புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பாடிய புலவருடைய இயற்பெயரை நாம் அறியோம். முதுமையில் ஊன்றும் கோலைக் குறித்து அப்பாட்டில் வரும் தொடரையே பெயராக்கித் தொடித்தலை விழுத்தண்டினார் என்று வழங்குகிறோம். அம்முதியவர் எவருக்கும் உபதேசம் செய்யவில்லை. நிலையாமையைப் பற்றித் தத்துவம் பேசவில்லை. இளமையில் நீர்த்துறையில் மருதமரக் கிளையேறிக் கரையிலுள்ளோர் வியக்கக் குதித்து, ஆழத்திலிருந்து மணலை அள்ளி வந்ததை நினைவுகூர்கிறார். இன்று இருமலிடையே சில சொற்களே பேசும் தம் நிலையைப் பார்க்கிறார். அந்த இளமை எங்கே போயிற்று என இரங்குகிறார். அவ்வளவே. துக்கத்தை அவர் மறைக்கவுமில்லை, வென்றுவிட்டதாகச் சொல்லவுமில்லை. அவர் வேண்டியது கேட்பதற்கு ஒரு செவி. அச்செவி அவருக்குக் கிடைத்தது. கிடைத்தமையால்தான் பாட்டு எழுதிவைக்கப்பட்டுத் தொகையிலும் சேர்ந்தது.

முதியோர் பழங்கதை பேசுவதை மூளைத்தளர்ச்சியின் அடையாளமாகவே மேனாட்டு மருத்துவரும் நெடுங்காலம் கருதிவந்தனர். ராபர்ட் பட்லர் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் 1963இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் அக்கருத்தைத் தலைகீழாக்கினார். மரணம் அணுகுவதை உணர்ந்த மனம் தன் வாழ்வைத் தானே மறுபடியும் எடுத்துப் பார்க்கிறது. தீராத பூசல்களைத் தீர்க்க முயல்கிறது. சிதறிய அநுபவங்களுக்கு ஓர் ஒழுங்கைத் தேடுகிறது. இது நோயல்ல, இயற்கையான மனோவியாபாரம் என்றார் அவர். அத்துடன் ஓர் எச்சரிக்கையும் செய்தார்: இம்மீள்பார்வை நிறைவில் முடியலாம், துணையில்லாதபோது குற்றவுணர்விலும் விரக்தியிலும் முடியவும் கூடும். இதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் எரிக் எரிக்ஸன் மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பகுத்து, இறுதிப் பருவத்தின் போராட்டத்தை நிறைவுக்கும் நிராசைக்கும் இடையிலான போராட்டமாகச் சித்திரித்திருந்தார். அதைவிடப் பட்லரின் கருத்தே நம் காரியத்துக்கு நெருங்கியது. அது துணையின் அவசியத்தைச் சொல்கிறது.

இதனினும் வியக்கத்தக்க ஓர் ஆராய்ச்சி ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து லாரா கார்ஸ்டன்சன் நிகழ்த்தியது. மனிதர் யாரோடு நேரத்தைக் கழிக்க விரும்புகிறார்கள் என்பதை நிர்ணயிப்பது வயதைக் காட்டிலும், எஞ்சியுள்ள காலம் நெடிது என்றோ குறுகியது என்றோ அவர்கள் கொள்ளும் உணர்வே என்பது அவர் முடிபு. காலம் நெடியதாய்த் தோன்றும்போது புதியவரையும் புதிய அறிவையும் நாடுகிறோம். குறுகியதாய்த் தோன்றும்போது நெஞ்சுக்கு நெருங்கியவரை மட்டுமே நாடுகிறோம். அந்நெருங்கியவர் சூழலில் முதியோரின் உள்ளம் இளையோரைவிடவும் அமைதியாக இருப்பதையும் அவர் கண்டார். ஹாங்காங் 1997இல் சீனத்தின் ஆட்சிக்கு மாறவிருந்த வேளையில், அவரும் உடன் ஆய்வாளரும் அந்நகர மக்களிடையே இதைச் சோதித்தனர். கைமாற்றம் நெருங்க நெருங்க, எதிரே நெடுங்காலம் உள்ள இளையோரும் முதியோரைப் போலவே தெரிந்தவரையும் உறவினரையும் பற்றிக்கொள்ளத் தலைப்பட்டனர். அந்நிகழ்ச்சி முடிந்து ஓராண்டு கழிந்தபின் அவர்கள் மனம் பழைய நிலைக்குத் திரும்பியது. ஓர் ஊரின் முடிவு, தனிமனிதனுக்கு ஆயுளின் முடிவைப் போலவே காலத்தைக் குறுக்கிக் காட்டுகிறது என்பது இதனால் விளங்கும்.

ஹாங்காங்கின் இளைஞருக்கு ஊர் தங்கியது, கொடிதான் மாறியது. ஜொகூர்த் தோட்டத் தமிழருக்கோ ஊரே போயிற்று. கார்ஸ்டன்சனின் கொள்கையில் அடங்கியுள்ள ஓர் அனுமானத்தை இங்கே கவனிக்க வேண்டும்: காலம் குறுகும்போது நெருங்கியவரை நாடும் முதியவருக்கு அந்நெருங்கியவர் கைக்கெட்டும் தொலைவில் இருப்பர் என்று அது எடுத்துக்கொள்கிறது. தோட்டம் கலைந்தபோது ஒருவர் மாசாய்க்கும், ஒருவர் கிள்ளானுக்கும், ஒருவர் மகளோடு சிங்கப்பூருக்கும், அனுமதிச் சீட்டு கிடைக்காத அண்ணன் திருச்சிராப்பள்ளிக்கும் போய்விட்ட பின்னர், நாடுவதற்கு யார் இருக்கிறார்கள்? தாமானில் அண்டை வீட்டார் நல்லவர்களே. ஆனால், அவர்களுக்கு இவரைத் தெரியாது. சுவரில் உள்ள கலியாணப் படத்தில் நிற்கும் இளைஞன் இக்கிழவன்தான் என்பதை நம்பிக்கையின் பேரில்தான் அவர்கள் ஏற்கிறார்கள்.

பெண்களின் நிலையைத் தனியே பேசியாக வேண்டும். பால்மரக் காட்டில் ஆணுக்கு நிகராக மரம் சீவியவள் பெண். வீடு திரும்பியபின் அவனுக்கு ஓய்வு, அவளுக்கு அடுப்பு. இன்று ஜொகூர் பாருவின் அடுக்குமாடி வீடுகளில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுகிற பாட்டிமார் எத்தனையோ பேர். பெரட்டுக்காக எழுந்த அதே நேரத்தில், இப்போது மகனையும் மருமகளையும் சிங்கப்பூர் வேலைக்கு வழியனுப்ப எழுகிறார்கள். நீரிணைப் பாலத்தை நாள்தோறும் கடக்கும் ஏறத்தாழ மூன்று லட்சம் பேரில் அவர்கள் பிள்ளைகளும் அடக்கம். 1924இல் முறைப்படித் திறக்கப்பட்ட, ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் அப்பாலம், ஒரு நாளில் தாய்க்கும் மகனுக்கும் இடையே பதினைந்து மணி நேரத்தை வைத்துவிடுகிறது. இடைப்பட்ட நேரத்தில் பேரக்குழந்தைகள் பாட்டியின் பொறுப்பு. இதைச் சுரண்டல் என்று சிலர் சொல்வர். நான் அவ்வாறு முழுமையாகச் சொல்லத் துணியேன். ஏனெனில், தான் இன்னும் தேவைப்படுகிறவள் என்னும் உணர்வு முதுமைக்குக் கிடைக்கும் மருந்துகளில் தலையாயது. பேரன் பள்ளிக்குச் செல்லத் தொடங்கியபின், ‘இனி நான் எதற்கு’ என்ற கேள்வி அவள் மனத்தில் எழும் நாளைத்தான் குடும்பம் கவனிக்கத் தவறுகிறது.

மணிவிழாவைப் பற்றியும் இவ்விடத்தே ஒன்று சொல்ல வேண்டும். அறுபதில் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம் எனக் காலத்தின் குறுகலை விழாவாக மாற்றிய நம் முன்னோரின் மனோதத்துவ ஞானம் போற்றத்தக்கது. பதினாறே வயதென்று விதிக்கப்பட்ட மார்க்கண்டேயனுக்காகக் காலனைச் சிவன் உதைத்ததாகக் கூறும் திருக்கடையூருக்கு, ஜொகூரிலிருந்தும் குடும்பங்கள் விமானமேறிச் சென்று மணிவிழா நடத்துகின்றன. மக்களும் மருமக்களும் பேரரும் சுற்றிநின்று, அவர்கள் காணாத அந்த முதற் கலியாணத்தின் சாயலை இரண்டாம் முறை காண்கிறார்கள்; வாழ்ந்த வாழ்வுக்குச் சாட்சி கூடுகிறது. ஆனால், இவ்விழாக்கள் யாவும் தம்பதி இருவரும் ஜீவித்திருந்தால் மட்டுமே நடப்பவை. பெண்களோ ஆண்களைவிட நெடிது வாழ்கிறார்கள்; முதுமையின் கடைசிப் பகுதி பெரும்பாலும் கைம்பெண்களின் பகுதி. அவர்களில் பலர் மணிவிழாப் பந்தலில் முன்வரிசைக்கு வரவும் தயங்குகிறார்கள். எழுபது ஆண்டு உழைத்த ஒருத்தியைச் சபை நடுவே இருத்தி, அவள் வாழ்வை ஊரறியச் சொல்லும் சடங்கு நம்மிடம் இல்லை. இருக்க வேண்டும். சாஸ்திரத்தில் இடமில்லையெனில், சாஸ்திரத்தைக் கேளாமலே செய்யலாம்.

நோய் வரும்போது இவை யாவும் கூர்மையடைகின்றன. மலேசிய இந்தியரிடையே நீரிழிவு பிற இனத்தாரைவிட அதிகம் என்பதைச் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. அதன் வழியே சிறுநீரகம் பழுதுபட்டு, வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் அருகே படுத்திருக்கும் முதியோரை ஜொகூரின் எந்த நகரத்திலும் காணலாம். காலம் அளவுக்குட்பட்டது என்ற உண்மையை மற்றவர்கள் அவ்வப்போது நினைக்கிறார்கள். அவர்கள் வாரத்துக்கு மூன்று முறை உடம்பால் அறிகிறார்கள். 2018இல் முதியோருக்கென்றே நடத்தப்பட்ட தேசிய ஆய்வில், அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. ஒன்பது பேரில் ஒருவர் என்றால், ஒரு லயத்துக்கு ஓரிருவர்.

இவர்கள் தம் துயரத்தை எந்த மொழியில் சொல்வார்கள்? மருத்துவமனைகளில் தமிழறிந்த மருத்துவரும் தாதியரும் இருக்கிறார்கள். ஆயினும் வேலையின் நெருக்கடி பெரிது. பேச்சு பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் நிகழ்கிறது. தோட்டத்து முதியவருக்குத் தெரிந்த மலாய் கடைவீதிக்கும் வேலைக்கும் போதுமான மலாய். ‘சாக்கிட்’ என்று வலியைச் சொல்ல அது போதும். மகன் பத்து ஆண்டாகப் பேசவில்லை என்பதைச் சொல்ல அது போதாது. லண்டனில் 1967இல் சிசிலி சாண்டர்ஸ் நிறுவிய புனித கிறிஸ்தோபர் இல்லத்திலிருந்து உலகெங்கும் பரவிய அந்திமக்காலப் பராமரிப்பு இயக்கம், சாகும் மனிதனின் வேதனையில் உடலும் மனமும் சமூகமும் ஆன்மாவும் கலந்திருக்கின்றன என்று வற்புறுத்துகிறது. மலேசியாவில் அவ்வியக்கம் தொண்ணூறுகளில் வேரூன்றியது. கோலாலம்பூரின் ஹோஸ்பிஸ் மலேசியா 1991இல் தொடங்கியது. வேதனையின் இந்நான்கு பகுதிகளில் முதலாவதற்கு மாத்திரை உண்டு. மற்ற மூன்றுக்கும் தாய்மொழியில் கேட்கும் ஒருவர் வேண்டும். அவர் மருத்துவராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நம் குடும்பங்களில் பரவியுள்ள ஒரு வழக்கத்தையும் இங்கே கண்டிக்காமல் விட முடியவில்லை. நோயின் பெயரை அப்பாவிடம் சொல்லாதீர்கள் என்று பிள்ளைகள் மருத்துவரை வேண்டிக்கொள்கிறார்கள். அன்பின் காரணமாகவே செய்கிறார்கள், அதில் ஐயமில்லை. ஆனால், அப்பாவுக்குத் தெரியும். ஜப்பானியர் காலத்தையும் அவசரகாலத்தையும் கடந்துவந்தவர் மகனின் முகத்தைப் படிக்கமாட்டாரா? மகன் மறைக்கிறான் என்பதை அறிந்து, அவன் மனம் நோகாதிருக்கத் தாமும் அறியாதவர்போல் இருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டு, சொல்ல வேண்டியவற்றைச் சொல்லாமலே பிரிகிறார்கள். யாருக்கு எவ்வளவு கடன், பெட்டியில் உள்ள சங்கிலி யாருக்கு, சேமநிதியில் மிஞ்சியது என்ன, எரிப்பதா புதைப்பதா, ஊரில் உள்ள தங்கைக்கு யார் செய்தி சொல்வது என்பன போன்ற லௌகிகப் பேச்சுகளின் வழியாகத்தான், பெரும்பாலும், நெஞ்சின் பேச்சும் வெளிவருகிறது. அந்த வாசலை அடைத்துவிட்டு, அவர் ஏன் பேசாமல் சுவரைப் பார்த்திருக்கிறார் என்று வியப்பது நமக்கு அழகன்று.

எனினும், ஜொகூர்த் தமிழர் செயலற்று இருந்துவிடவில்லை. செம்பனைக் காட்டின் நடுவே தனித்து நிற்கும் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில்களில் திருவிழா வரும்போது, கலைந்துபோன குடும்பங்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து கூடுகின்றன. முன்னாள் தோட்ட மக்களின் ஒன்றுகூடல்கள் மண்டபங்களிலும் பள்ளிகளிலும் நடைபெறுகின்றன. தோட்டத்தின் பெயரால் வாட்சப் குழுக்கள் இயங்குகின்றன. நாளிதழைப் பிரித்தவுடன் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தை முதலில் பார்க்கும் பழக்கமும் இவ்வகையதே. அதை விகாரமான பழக்கமென்று இளையோர் எண்ணுகிறார்கள், உண்மையில் அது சிதறிய லயத்தின் பெரட்டு. 1924இல் தோன்றிய தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றபோது, முதிய வாசகர்கள் செய்தியை மட்டும் இழக்கவில்லை. யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று அறிவிக்கும் பழகிய குரல் ஒன்றையும் இழந்தார்கள். ஒன்றுகூடல்களில் நான் மிகவும் மதிப்பது மேடைப் பேச்சை அன்று. நாற்பது ஆண்டு கழித்துச் சந்திக்கும் இரண்டு மூதாட்டிகள், ஒருத்தியின் கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, ‘ஏலா, நீ அந்தத் தண்டல் மேல மங்க எறிஞ்சவதானே’ என்று கேட்கும் அந்தக் கணத்தில், எந்த மனநல மருத்துவமும் தர இயலாத ஒன்று கைமாறுகிறது. அங்கே ஒருத்தியின் இளமைக்கு மற்றொருத்தி பத்திரம் எழுதிக் கொடுக்கிறாள்.

அத்தகைய சாட்சிகள் ஆண்டுதோறும் குறைகிறார்கள். ஆகவே, அவ்விடத்தைப் பேரப்பிள்ளைகள்தாம் ஏற்க வேண்டும். அவர்களுக்குத் தமிழ்ப்பள்ளிகள் உதவலாம், கோயில் நிர்வாகங்கள் உதவலாம். கையில் உள்ள தொலைபேசியே குரலைப் பதிவு செய்யும். கேட்பவர் பெரிய வினாக்களைக் கேட்டால் முதியோர் தயங்குவர். வாழ்க்கை உங்களுக்கு என்ன கற்றுத்தந்தது என்று கேட்டால், ‘என்னத்தச் சொல்றது’ என்று முடித்துவிடுவர். எத்தனையாவது லயம், எந்தப் பக்கத்து வீடு, கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது யார், முதல் நாள் எத்தனை மரத்தின் பட்டையைக் கெடுத்தீர்கள், மழை பெய்து பால் வீணான நாளில் வீட்டில் என்ன சமைத்தார்கள், திருவிழாவில் கரகம் எடுத்தவர் யார், யாரோடு பேசாமல் இருந்தீர்கள், ஏன் என்று கேட்டால் பேச்சு தானாக வரும். நடுவே அழுகை வந்தால் நிறுத்தச் சொல்ல வேண்டாம். தண்ணீர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் போதும். அதே கதையை மூன்றாம் முறை சொன்னால் மூன்றாம் முறையும் கேட்பது நலம். பட்லர் கூறிய அந்த மீள்பார்வை ஒரே நடையில் முடிவதில்லை, ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒன்று இடம் மாறி அமைகிறது.

1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது பதினைந்து வயதாயிருந்து, முள்வேலிக்குள் அளந்து வழங்கிய அரிசியை வரிசையில் நின்று வாங்கிவந்தவள் இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டாள். அத்தோட்டத்தின் பரப்பும் விளைச்சலும் கம்பெனிக் கணக்குகளில் கிடைக்கலாம். வேலி வாசலில் அவளுடைய தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்த காவலாளி என்ன சொன்னான், வீடு திரும்பியதும் அவள் தாய் என்ன சொன்னாள் என்பன அவளிடம் மட்டுமே இருக்கின்றன. காலையில் பசியாறி முடித்த வேளையே அவளிடம் கேட்பதற்கு ஏற்றது. அப்போது நினைவு தெளிவாக இருக்கும், மருந்தின் அசதியும் வந்திராது.